எந்தத் தண்ணீரைக் கொட்டுவது?

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் தக்கலைப் பக்கம் எளிதில் விடாது. அப்படி ஒரு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போக வழியில்லை. வீட்டில் இருப்பதைக் கொண்டு, எல்லோருக்கும் வயிறு நிறையும்படி சூடாக ஒரு காய்கறி சூப்பு வைக்க வேண்டும். அடுக்களையைத் துழாவிப் பார்க்கிறீர்கள். டப்பாவின் அடியில் இரண்டு கை சிறுபயறு இருக்கிறது. ஒரு கீற்றுத் தடியங்காய், நேற்றுத் தோண்டிய மரச்சீனி ஒன்று, அரைமூடித் தேங்காய். சின்ன உள்ளியும் நல்லமிளகும் கறிவேப்பிலையும் எப்போதும் உண்டு. கொல்லையில் முருங்கை மரம் நனைந்துகொண்டு நிற்கிறது.

இவ்வளவு போதும். ஆனால் அடுப்பு மூட்டியதும் ஒரு வேடிக்கையைக் கவனிப்பீர்கள். மரச்சீனி வெந்ததும் உங்கள் பாட்டி, "அந்தத் தண்ணியக் கொட்டு" என்பார். பயறு வெந்த தண்ணீரைக் கொட்டப் போனாலோ அதே பாட்டி கையைப் பிடித்துக்கொள்வார். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு உங்களிடமே குடிக்கக் கொடுப்பார். ஒரே அடுப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஆனால் இரண்டு சட்டங்கள்!

சூப்பு என்பது என்ன? காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதையே உணவாகக் கொள்ளும் முறைதான் சூப்பு. ஆகவே எந்தத் தண்ணீரைக் கொட்டுவது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்பதுதான் அதன் முதல் கேள்வி. பாட்டி இதற்கு அனுபவத்தால் விடை கண்டிருந்தார். அறிவியல் விடை காண்பதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஜாவாத் தீவின் கோழிகளும் மலாயாவின் மனநோய் மருத்துவமனை ஒன்றும் குன்னூரின் வெள்ளெலிகளும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி தக்கலையிலிருந்து சில மைல் தொலைவில், நெய்யூரில் நடந்தது.

வீட்டில் இருந்தது என்ன?

"வீட்டில் இருப்பதை வைத்து" என்று சுலபமாகச் சொல்லிவிட்டோம். வீட்டில் என்ன இருக்கும் என்பது காலத்துக்குக் காலம் மாறிய ஒன்று. வீட்டுக்கு வீடும் மாறிய ஒன்று.

தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அது நிற்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு அது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அரண்மனை எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மர் அதை விரிவுபடுத்தினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி நடந்தது இங்கேதான்.

அரண்மனையின் ஊட்டுப்புரையைச் சற்று நின்று பாருங்கள். கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர், ஆக 2,000 பேர் ஒரே வேளையில் உட்கார்ந்து உண்ணக்கூடிய நீண்ட கூடங்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரும் சாடிகளையும் அங்கே காணலாம். ஆனால் இந்தப் பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. அரசர் வழங்கிய இலவச உணவு பிராமணர்களுக்கு உரியது. சுற்றிலும் வயலில் நின்றவர்களின் பானையில் என்ன கொதித்தது என்பதற்குச் சாடியும் இல்லை, கூடமும் இல்லை. அவர்கள் மண்பானையில் சமைத்தார்கள். அது உடைந்து மண்ணோடு போய்விட்டது.

இருந்தாலும் அந்தப் பானையில் எது இருந்திருக்க முடியாது என்று தாவரவியல் சொல்லும். அரண்மனைக்குக் கால் நாட்டிய காலத்தில், அதாவது 1600-ஐ ஒட்டி, தக்கலையில் யாராவது சூப்பு வைத்திருந்தால் அதில் தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. இவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். நம் அடுக்களையில் பரவலாக நுழைந்தது ஆங்கிலேயர் காலத்தில். மிளகாயும் அந்தக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததே. மஞ்சள் பூசணியும் பப்பாளியும் அப்படியே. மரச்சீனியும் அப்படித்தான்.

அதற்கு முன்பே இங்கிருந்தவை சேனை, சேம்பு, தடியங்காய், வழுதலங்காய், முருங்கை, வாழை, தேங்காய், சிறுபயறு. புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் அது வந்து யுகங்கள் ஆகிவிட்டன. காரத்துக்கு மிளகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பொருள் அது. மிளகாய் வந்து சேர்ந்தபின் குழப்பம் வராதிருக்க, குமரி மாவட்டத்தார் பழையதற்கு "நல்லமிளகு" என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்! இந்த மிளகுத் தண்ணீரைத்தான் ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இறைச்சி போட்டு, மாவு கரைத்து, "மல்லிகட்டானி" சூப்பு ஆக்கிச் சீமைக்குக் கொண்டு போனார்கள். பெயரைத் தவிர அதில் நம்முடையது அதிகமில்லை.

கொட்ட வேண்டிய தண்ணீர்

பிரேசில் முதலான தென்னமெரிக்க நாடுகளைத் தாயகமாகக் கொண்ட மரச்சீனியைக் கேரளக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். ஆயினும் அது ஏழைகளின் அன்றாட உணவாகப் பரவியதற்கு 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா முக்கிய காரணமானவர். தாவரங்களில் ஆர்வம் மிக்க அரசர் அவர். வயல் இல்லாதவனும் மேட்டு நிலத்தில், செம்மண்ணில், அதிகத் தண்ணீர் இல்லாமல் பயிரிடக்கூடிய கிழங்கு இது. பஞ்ச காலத்தில் உயிர்காக்கும் என்று அவர் கண்டுகொண்டார். மக்கள் முதலில் விஷக்கிழங்கு என்று அஞ்சினார்களாம். அரசரே உண்டு காட்டினார், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று அறிவிக்கச் செய்தார் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. கதை எப்படியாயினும், மக்களின் அச்சம் மூடநம்பிக்கை அன்று.

மரச்சீனியில் லினமரின் என்றொரு சேர்மம் உண்டு. அது சர்க்கரையோடு சயனைடு பிணைந்திருக்கும் பொருள். பிணைந்திருக்கும்வரை பெரிய தீங்கில்லை. அதே கிழங்கில் லினமரேஸ் என்னும் நொதியும் இருக்கிறது. நலமான கிழங்கில் இரண்டும் வெவ்வேறு அறைகளில் இருப்பதால் சந்திப்பதில்லை. எலியோ பூச்சியோ கடித்தால் அறைகள் உடையும், இரண்டும் கலக்கும், ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும். கடித்த பிராணிக்குப் பாடம் புகட்டத் தாவரம் செய்துவைத்த ஏற்பாடு இது. நாம் கத்தியால் வெட்டும்போதும் கிழங்குக்கு அதே கதைதான்.

இப்போது அடுப்புக்கு வருவோம். கிழங்குத் துண்டுகளைக் கொதிக்கும் நீரில் போட்டால் வெப்பத்தால் நொதி விரைவில் அழிந்துவிடும். லினமரின் அழியாது, சிறிது சிறிதாகத் தண்ணீரில் கரைந்து இறங்கும். தண்ணீரைக் கொட்டினால் அது போய்விடும். அதே தண்ணீரைச் சுண்டவைத்தால் போனது எல்லாம் திரும்பக் கிழங்கோடு சேரும். குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவது இன்னும் நல்லது. நொதி அழியுமுன் கொஞ்சம் வேலை செய்யும். விடுபடும் ஹைட்ரோசயனிக் அமிலம் 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும் பொருள் ஆதலால் திறந்த பானையிலிருந்து பறந்துவிடும். துண்டுகள் சிறியனவாக, தண்ணீர் தாராளமாக, பானை மூடாமல் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா? தோலில் நஞ்சு அதிகம். கசக்கும் கிழங்கைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் சிறிது எஞ்சும். உடல் அதையும் சமாளிக்கிறது. புரத உணவிலிருந்து கிடைக்கும் கந்தகத்தைச் சயனைடோடு சேர்த்து, தயோசயனேட் என்னும் தீங்கு குறைந்த பொருளாக்கி, சிறுநீரில் வெளியேற்றுகிறது. மரச்சீனியோடு சாளைமீன் என்பது குமரிக் கடற்கரையில் பிரியாத ஜோடி. நாவின் ருசிக்காக ஏற்பட்ட சேர்க்கை அது. உடலுக்கும் பொருத்தமாக அமைந்தது. மீன் வாங்க முடியாத வீட்டில் வெறும் மரச்சீனியும் உப்பும் மிளகாயும் மட்டும் என்றால் அந்தக் கந்தகம் எங்கிருந்து வரும்? ஆப்பிரிக்காவில் வறட்சிக் காலங்களில், சரியாகப் பதப்படுத்தாத மரச்சீனியை மட்டுமே தின்று வாழ நேர்ந்த குழந்தைகளும் தாய்மார்களும் திடீரெனக் கால் விளங்காமல் போயிருக்கிறார்கள். அந்நோய்க்குக் கொன்சோ என்று பெயர்.

குடிக்க வேண்டிய தண்ணீர்

மற்றொரு சட்டத்தின் கதை அரிசியில் தொடங்குகிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ஒரு விந்தையான கணக்கு மருத்துவர்களின் கண்ணில் பட்டது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். முதலில் கால்கள் மரத்துப்போகும், பிறகு வீங்கும், இறுதியில் இதயம் ஓயும். அதே நாட்டில், அதே வெப்பத்தில், தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. தமிழர்களின் கூலியோ குடியிருப்போ மேலானது அன்று. பின் எதனால்?

பிராடன் என்ற மருத்துவர் இருவரின் சோற்றையும் பார்த்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. 1905-இல் கோலாலம்பூரின் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி பரவியது, பலர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அது பரவவில்லை. தம் சம்மதத்தைச் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்களை வைத்துச் செய்த சோதனை இது. இன்று எந்த மருத்துவ அவையும் இதற்கு அனுமதி தராது. நாம் இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதற்குப் பின்னால் அந்த வார்டுகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்பே, 1890-களில், டச்சுக்காரர் ஐக்மன் ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதையும், தவிட்டைக் கொடுத்தால் தேறுவதையும் கண்டிருந்தார். 1929-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த பொருள்தான் தயமின் எனப்படும் பி1 வைட்டமின். 1936-இல் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் தண்ணீரோடு தானியத்தின் உள்ளே நகர்ந்து தங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. ஆனால் தயமின் தண்ணீரில் எளிதில் கரையும். உள்ளே வந்ததும் தண்ணீரில்தான், வெளியேறுவதும் தண்ணீரில்தான். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவி, ஏராளமான நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால், கிடைத்ததில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போகும். குன்னூர் ஆய்வகத்தைச் சேர்ந்த அய்க்ராய்டும் அவருடைய தோழர்களும் 1940-இல் வெளியிட்ட "இந்தியாவின் அரிசிப் பிரச்சினை" என்ற ஆய்வு நூல் இந்த இழப்புகளை அளந்து காட்டியது. பலா இலையைக் கோட்டி ஈர்க்குச்சி குத்திக் கஞ்சி குடித்த நம் முன்னோர் வைட்டமின் என்ற சொல்லை அறிந்தவர்கள் அல்லர். பசித்தவர்கள் சத்துள்ள தண்ணீரைக் கொட்டவில்லை, அவ்வளவே.

வயிறு நிறைந்தால் போதுமா?

இயற்பியல் பாடத்தில் ரம்ஃபோர்டு பிரபுவின் பெயரைப் படித்திருப்பீர்கள். பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் வெப்பத்தைப் பார்த்து, வெப்பம் என்பது ஒரு பொருள் அன்று, இயக்கமே என்று 1798-இல் வாதிட்டவர். அவரேதான் மியூனிக் நகரத்து ஏழைகளுக்காக மலிவான சூப்பு ஒன்றையும் வகுத்தவர். பார்லியும் உலர்ந்த பட்டாணியும் பின்னர் உருளைக்கிழங்கும் போட்டு, மணிக்கணக்கில் சிறு தீயில் கொதிக்கவைத்தது அது. குறைந்த தானியத்தில் வயிறு இவ்வளவு நிறைகிறதே என்று வியந்த அவர், கொதித்துக் கெட்டிப்பட்ட தண்ணீரே உணவாகிவிடுகிறது என்று நம்பினார்! உண்மையில் நடந்தது, மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்தது மட்டுமே. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பெரிய அறிவாளிகளையும் பானை ஏமாற்றும்.

மரச்சீனியும் அப்படி வயிற்றை நிறைக்கும் பொருள்தான். அதில் மாவுச்சத்து ஏராளம், புரதம் மிகச் சொற்பம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நெய்யூருக்குப் போவோம்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவப் பணி நெய்யூரில் 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் கலந்துகொண்டு திரும்பிய ஹோவார்ட் சாமர்வெல் என்ற இளம் ஆங்கில அறுவை மருத்துவர், இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். அங்கே குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டபின், இங்கிலாந்தில் தமக்குக் காத்திருந்த வளமான தொழிலை விட்டுவிட்டு, இங்கேயே பணியாற்ற வந்துவிட்டார். இடையில் 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குப் போய், உயிர்வளிக் கலம் இன்றி 28,000 அடி வரை ஏறித் திரும்பினார். அந்த மனிதர் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதி மக்களின் வயிற்றைத்தான் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

காரணம், முன்சிறுகுடற்புண். இரைப்பையை அடுத்த குடல் பகுதியில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, இறுதியில் தழும்பு இறுகி, இரைப்பையின் வாசலே அடைபட்டுவிடும். உண்டது கீழே இறங்காது, வாந்தியாகும். சோறு கண்ணெதிரே இருந்தும் பட்டினியால் வற்றிய உடலோடு மக்கள் வந்தார்கள். அன்று இதற்கு மருந்து இல்லை. இரைப்பையையும் சிறுகுடலையும் வேறோர் இடத்தில் இணைத்துப் புதுவழி திறப்பதே சிகிச்சை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய அறுவைகளின் அனுபவத்தை, உடன் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் சாமர்வெல் வெளியிட்டார். இந்நோய் தென் திருவிதாங்கூரில் ஏன் இவ்வளவு மிகுதி? ஏழைகளின் உணவின் மீது சந்தேகம் விழுந்தது.

சந்தேகத்தைச் சோதித்த இடம் குன்னூர். 1918-இல் பெரிபெரி விசாரணையாகத் தொடங்கிய சிறு ஆய்வகம் அங்கே ஊட்டச்சத்து ஆய்வு நிலையமாக வளர்ந்திருந்தது. அதன் தலைவர் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அப்படியே சமைத்து எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி உண்ட பஞ்சாப் உணவு எலிகள் கொழுத்து வளர்ந்தன. அரிசியை நம்பிய சென்னை உணவு எலிகள் சோனியாகவே இருந்தன. ஏழைத் திருவிதாங்கூர்க்காரரின் உணவை, அதாவது மரச்சீனியும் அரிசியும் மிளகாய் புளியும் சிறிது மீனும் கொண்ட உணவை உண்ட எலிகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு வயிற்றில் புண் கண்டது. பஞ்சாப் உணவு எலிகளுக்கு அது இல்லை. 1939-இல் நெய்யூரின் ஆரும் குன்னூரின் எம். வி. ராதாகிருஷ்ண ராவும் இணைந்து தென்னிந்தியாவின் வயிற்றுப்புண் பற்றி எழுதினார்கள். மருத்துவமனையும் ஆய்வகமும் இப்படிக் கைகோத்தது அந்நாளில் அபூர்வம்.

எலிகளின் சாட்சியத்தை முழுதாக நம்பலாமா? இங்கே சற்று நிதானம் வேண்டும். எலியின் இரைப்பையில் மனிதருக்கு இல்லாத ஒரு முன்பகுதி உண்டு; சத்துக் குறைந்தால் எளிதில் புண்ணாவது அந்தப் பகுதி. அது மட்டுமன்று. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் பாக்டீரியாவே வயிற்றுப்புண்ணின் முதன்மைக் காரணம் என்று கண்டார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தப் பாக்டீரியாவைக் கரைத்துத் தாமே குடித்துக் காட்டினார். (சூப்பைப் பற்றிய கட்டுரையில் இதையும் சொல்ல நேர்ந்ததற்கு மன்னிக்கவும்.) இருவருக்கும் 2005-இல் நோபெல் பரிசு. இன்று சில வார மாத்திரைகளில் குணமாகும் நோய்க்காக அன்று நெய்யூரில் கத்தி எடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் குன்னூரின் முடிவு தவறா? பாதி தவறு என்பேன். அந்தப் பாக்டீரியா வட இந்தியாவிலும் பரவலாக உண்டு. ஆனால் புண் தெற்கிலேயே மிகுந்திருந்தது. ஆகவே உணவுக்குப் பங்கே இல்லை என்று தள்ளிவிட முடியாது. புண்ணை மறந்துவிட்டாலும் எலிகள் சொன்ன மற்ற உண்மை நிலைத்து நிற்கிறது. அந்த உணவு வயிற்றை நிறைத்தது, உடலை வளர்க்கவில்லை. கீரையும் பயறும் பாலும் இல்லாத வீட்டில் குழந்தைக்கு மாலைக்கண் வந்தது, சில குழந்தைகளுக்குக் கண்ணே போனது.

இந்த நிலையில்தான் 1942 வந்தது. மார்ச் மாதம் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. தேவையான அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிவந்த திருவிதாங்கூர் திணறியது. வீட்டில் இருந்தது மரச்சீனி மட்டுமே என்ற நிலை பல ஊர்களுக்கு வந்தது. விசாகம் திருநாள் எதிர்பார்த்தபடி அது உயிரைக் காத்தது. வேறு எதையும் அது காக்கவில்லை. அந்த மரச்சீனியோடு முருங்கைக் கீரையையும் ஒரு கைப் பயறையும் சேர்த்துக் கொதிக்கவைத்திருந்தால் எவ்வளவோ குறை தீர்ந்திருக்கும். முருங்கை வேலியிலேயே நின்றது. கீரையின் மதிப்பைச் சொல்லும் மலிவான உணவுப் பட்டியலை அய்க்ராய்டு 1937-இலேயே குன்னூரிலிருந்து வெளியிட்டுமிருந்தார். ஆங்கிலத்தில்!

இனி அடுப்பு

மழை இன்னும் விடவில்லை. சூப்பை வைத்துவிடுவோம். நால்வருக்குக் கணக்கு.

மரச்சீனியில் கால் கிலோ எடுத்து, தோலையும் உள்தோலையும் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். வெந்ததும் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். இது கொட்ட வேண்டிய தண்ணீர்.

வேறு பானையில் இரண்டு கை சிறுபயறை, ஒருமுறை மட்டும் கழுவி, அளவான நீரில் மூடி வேகவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்புச் சேர்க்காதீர்கள். காரத்தன்மை தயமினை அழிக்கும். புளியையும் இப்போது போடாதீர்கள். புளிப்பு இருந்தால் பயறு மிருதுவாகாது. பயறு மலர்ந்ததும் தடியங்காய்த் துண்டுகளும் உரித்த உள்ளியும் சேருங்கள். வீட்டில் சேனையோ வாழைக்காயோ இருந்தால் அதுவும் ஆகட்டும். தண்ணீர் போதாவிட்டால் கிணற்று நீரை விட வேண்டாம். மத்தியானம் சோறு வடித்த கஞ்சித் தண்ணீர் இருக்குமே, அதை விடுங்கள். சூப்பு தானே கெட்டிப்படும். ரம்ஃபோர்டை ஏமாற்றிய அதே மாவுச்சத்துதான்.

காய் வெந்தபின் மரச்சீனியைச் சற்று மசித்துச் சேருங்கள். இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையை, உருவிக் கழுவி, கடைசியில் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அரைமூடித் தேங்காயை நல்லமிளகு, சீரகத்தோடு அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். தேங்காய் மணத்துக்காக மட்டும் அன்று. கீரையிலுள்ள கரோட்டின், அதாவது உடலில் ஏ வைட்டமினாக மாறும் பொருள், கொழுப்பு இருந்தால்தான் நன்றாகக் குடலில் உறிஞ்சப்படும். அயோடின் கலந்த உப்பை இறக்கும்போது போடுவது நல்லது. மரச்சீனி உண்கிற வீட்டுக்கு அயோடின் கூடுதலாகவே தேவை. முன்னே சொன்ன தயோசயனேட், தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போய்ச் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சம்பழம் இருந்தால் பரிமாறும்போது பிழியுங்கள். சி வைட்டமின் கொதியைத் தாங்காது.

ஊட்டுப்புரைப் பந்தியில் இது பரிமாறப்பட்டிருக்காது. நெய்யூர் வார்டில் படுத்திருந்தவர்களின் வீடுகளில் இதற்கு வேண்டிய அனைத்தும் ஒருவேளை வேலியோரத்திலேயே இருந்திருக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதலில் வடித்தீர்களே, அந்த மரச்சீனித் தண்ணீரை ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைக்கும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். தள்ளி, தென்னை மூட்டுக்கு அப்பால் கொட்டிவிட்டு வாருங்கள்.